டம்ளர்க்காரர் எழுதிய விதி

சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் காது கேட்காத ஒருவரை நியமித்த ஊர் இந்தப் பூமியில் ஒன்றுதான் இருக்க முடியும். அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் நான் ஒன்பது வருஷம் கிளார்க்காக இருந்தேன். நியமன உத்தரவை டைப் அடித்தவனும் நான்தான். நியமிக்கப்பட்டவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், எட்டாக மடித்தார், கையிலிருந்த டம்ளருக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரத்தில் அந்த ஊர் வந்துவிடும். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். திருப்பூரில் இடம் போதாமல் பனியன் தொழில் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நேற்று மாடு கட்டியிருந்த இடத்தில் இன்று தையல் மெஷின் ஓடும். நேற்று நெல் கொட்டிய அறையில் இன்று பனியன் மூட்டை இருக்கும்.

நம் ஆளை ஊரே டம்ளர்க்காரர் என்றுதான் சொல்லும். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும். நாற்பது வருஷம் பித்தளைக் குடம் அடித்தவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியலும் தகடும் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டு, இரண்டு காதும் வேலைக்கு ஆகாமல் போயின. தொழிலை விட்டபோது தனக்கென்று கடைசியாக ஒரு டம்ளர் அடித்துக்கொண்டார். காகிதம் மாதிரி மெல்லிய விளிம்பு. அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் அதில்தான் டீ, கல்யாண வீட்டில் அதில்தான் பாயசம். ஒருமுறை கோயில் பூசாரி தீர்த்தம் கொடுக்க வந்தபோதும் கையை நீட்டாமல் டம்ளரை நீட்டினார். பூசாரி கோபத்தில் ரொம்பவே ஊற்றிவிட்டார்.

காது கேட்காதே தவிர, முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவிலேயே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு மேலுதட்டை மறைக்கும் மீசை. அந்த மாதிரி ஆட்கள் பேச வந்தால் டம்ளர்க்காரர் இரண்டு விரலைத் தன் மூக்குக்குக் கீழே வைத்து மேலே தள்ளிக் காட்டுவார். மீசையைத் தூக்கிப் பிடி என்று அர்த்தம். பஞ்சாயத்துத் தலைவரின் மீசை திருப்பூர் வரைக்கும் பேர் வாங்கியது. அந்தத் தலைவரே டம்ளர்க்காரரிடம் பேசும்போது இடதுகை விரல்களால் மீசையைத் திரை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அரசாங்க வேலை போய்விடுமே என்று பைலுக்குள் முகத்தை விட்டுக்கொள்வேன்.

டம்ளர்க்காரர் தினமும் காலை ஒன்பதரைக்கு ஆபீசுக்கு வந்துவிடுவார். என் மேஜைக்கு எதிரே உள்ள பெஞ்சில் காலை நீட்டி உட்காருவார். மதியம் சாப்பிடப் போய்விட்டு மறுபடி வருவார். ஒரு வேலையும் கிடையாது. முதல் மாதம் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது மாதம் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "ஐயா, உங்களுக்கு இங்க என்னங்க சோலி?"

"ஏனுங்க கிளார்க்கு, ஊட்டுல உக்காந்தா காலு நடுங்குதுங்க. கட்டல்ல படுத்தா ஒடம்பே நடுங்குது. இங்க வந்தா சுத்தமா நின்னுக்குது. உங்க ஆபீசுத் தரையில ஏதோ சத்து இருக்குதுங்க."

காது கேட்காதவர் என்பதால் தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. இந்தக் கால் நடுக்கச் செய்தி எதிர்க் கடையில் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

பாவமாக இருந்ததால் ஒருநாள் லீவு போட்டு அவரைத் திருப்பூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் காலைத் தட்டினார், முட்டியை மடக்கினார், எப்போது அதிகமாக இருக்கிறது என்று கேட்டார். "பகல்ல இருக்குதுங்க. கரண்டு போச்சுன்னா நல்லாயிருதுங்க" என்றார் நம்மவர். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். எனக்கு அங்கேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும். மண்டையில் ஏறவில்லை.

இனி விதிக்கு வருகிறேன். ஊரில் குடியிருப்பு வீதிகள் நான்கு. அந்த நான்கு வீதிகளிலும் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எந்தக் காலத்திலோ நாலு பக்கத்தில் ஒரு விதிமுறை எழுதி வைத்திருந்தார்கள். செக்கு கூடாது, சுண்ணாம்புக் காளவாய் கூடாது, பாத்திரப் பட்டறை கூடாது, மோட்டார் வைத்த எந்தத் தொழிலும் கூடாது. கோழி வளர்க்கலாம். ஆடு அஞ்சு வரைக்கும் வளர்க்கலாம். மாட்டுக் கொட்டகைக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. இதில் பாத்திரப் பட்டறை என்ற சொல் யாருக்காகச் சேர்ந்தது என்றால், சாட்சாத் நம் டம்ளர்க்காரருக்காகத்தான். இளவயதில் மூன்றாம் வீதியில் வீட்டு முன்னாலேயே உட்கார்ந்து குடம் அடித்திருக்கிறார். பொறுக்க முடியாமல் ஊர் கூடி விதி எழுதி, பட்டறையைக் குளத்துமேட்டுக்கு அனுப்பிவிட்டது.

அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன், மனதுக்குள் ஆறாமல் இருக்குமோ என்று.

"கோவமெல்லாம் இல்லீங்க. பக்கத்து ஊட்டுல அப்ப ஒரு புள்ளத்தாச்சி இருந்தா. நான் அடிக்க அடிக்க அவ வகுத்தப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாளாமா. எனக்கு அது தெரியாது. தெரிஞ்ச பொறகு மறுநாளே தூக்கிட்டேன். பொழப்பு எங்க வேணும்னாலும் செய்யலாமுங்க. பக்கத்து ஊட்டுச் சுவரை எங்க தூக்கிட்டுப் போறது?"

இப்படிப் பேசுகிற மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த நாலு பக்க விதியை வருஷக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. அதற்குள் நான்கு வீதியிலும் வீட்டுக்கு வீடு மெஷின் வந்துவிட்டது. விதிப்படி பார்த்தால் முக்கால்வாசி ஊரைப் பூட்ட வேண்டும். பஞ்சாயத்து மெம்பர்கள் வீட்டிலேயே மெஷின் ஓடியது. ஆகவே விதி பீரோவில் தூங்கியது, ஊர் மெஷின் ஓட்டியது. இப்படியே போயிருக்கும், இரண்டாம் வீதி வாத்தியார் ஒரு மனு எழுதாமல் இருந்திருந்தால்.

வாத்தியார் ரிட்டயர் ஆன தலைமையாசிரியர். டம்ளர்க்காரரோடு அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் படித்தவர். இருவரும் தினமும் சாயங்காலம் ஒன்றாக டீ குடிப்பார்கள். வாத்தியார் வீட்டம்மாவுக்குத் தீராத தலைவலி, மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் உண்டு. அந்த மதியத் தூக்கத்தைப் பக்கத்து வீட்டு மெஷின் கெடுக்கிறது, சுவரெல்லாம் அதிர்கிறது, பழைய விதிப்படி நடவடிக்கை எடுங்கள் என்று மனு. தலைமையாசிரியர் கையெழுத்தில் மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். மேலதிகாரிகளுக்கும் நகல் போட்டிருந்தார். அதனால் பீரோவில் வைத்துப் பூட்டவும் வழியில்லை.

பக்கத்து வீடு என்று அவர் எழுதியது சரஸ்வதி என்கிற பெண் குடியிருந்த வாடகை வீடு. மூலனூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவர் லாரி விபத்தில் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு ஓவர்லாக் மெஷினும் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் ஒன்றும் போட்டு, கம்பெனிகளிலிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோர் வீட்டிலும் மெஷின் இருக்க, நோட்டீஸ் அவள் ஒருத்திக்குத்தான் போனது. முப்பது நாளில் மெஷினை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் மின் இணைப்பு துண்டிக்கப்படும். டைப் அடித்தது நான், கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்.

அவள் வாங்கிப் படித்துவிட்டு, சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க. முப்பது நாளுன்னா பரீட்சைக்கு முன்னாடியே வந்துருதுங்களே. மெஷினத் தூக்கிட்டா வாடகைக்கு வழியில்லீங்க. புள்ளைங்களப் பாதியில எந்தப் பள்ளிக்கொடத்துலீங்க சேத்தறது?"

பாதித் தண்ணீரோடு சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஆபீசுக்கு வந்து தலைவரிடம் சொன்னேன். தலைவர் மீசையைத் தடவினார். அவருக்கும் பயம்தான். இன்றைக்குச் சரஸ்வதி மேல் நடவடிக்கை எடுத்தால், நாளைக்கு அவள் மற்றவர்களைக் காட்டி மனுக்கொடுப்பாள், அதில் தலைவரின் மச்சினன் வீடும் வரும். "முப்பது நாளுக்குள்ள விதியவே மாத்தீரலாம், கிளார்க்கு" என்றார்.

கூட்டம் போட்டார்கள். எது வீடு, எது பேக்டரி என்று எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. மூன்று மெஷின் வைத்திருந்த மெம்பர், மூன்று வரைக்கும் வீடுதான் என்றார். நாலு வைத்திருந்தவர், அஞ்சு வரைக்கும் விடலாம் என்றார், அடுத்த மாதம் வரப்போகிற மெஷினையும் மனதில் வைத்து. மெஷின் இல்லாத ஒரே ஒரு மெம்பர், ஒன்றுகூடக் கூடாது என்றார். இரண்டு மணி நேரம் ஆளாளுக்குத் தன் வீட்டை மட்டும் துல்லியமாகத் தப்பவிடும் விதி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதி எழுதி அடித்தேன்.

பெஞ்சிலிருந்து டம்ளர்க்காரர் எழுந்தார். பானையில் தண்ணீர் மொண்டு, டம்ளரை விளிம்பு வரை நிரப்பி, தலைவர் மேஜையில் வைத்தார்.

"மெஷினு எத்தனைன்னு எண்ணாதீங்க சாமி. பக்கத்து ஊட்டுச் சுவத்தக் கேளுங்க. மெஷின ஓட உட்டுட்டு, பக்கத்து ஊட்டுல வெளக்கு வெக்கற மாடக்குழியில இப்புடித் தண்ணி வெச்சுப் பாருங்க. ததும்பி வழிஞ்சா அது பேக்டரி. வழியலீன்னா ஊடு."

ஒரு மெம்பர், "காது கேக்காதவரு சத்தத்தப் பத்திப் பேசறாரு பாருங்க" என்று என்னிடம் முணுமுணுத்தார். அவருக்கு மீசை கிடையாது. டம்ளர்க்காரர் அவரைப் பார்த்து, "கேக்கறவன் ஆளுக்கொண்ணு சொல்லுவானுங்க. தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான் சொல்லும்" என்றார். அன்றைக்கே சோதனை செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்து உத்தரவு போட்டார்கள். அடுத்த மூன்று வாரம் ஊரில் யாருக்கும் நிம்மதி இல்லை.

முதல் பலி நான்தான். நியமன உத்தரவு கையில் கிடைத்த மறுநாள் என் டைப்ரைட்டர் மேஜையில் டம்ளரை வைத்தார். நான் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் பாதித் தண்ணீர் பைலில். "கிளார்க்குங்க, நீங்க பேக்டரி" என்றார். அன்றிலிருந்து டைப்ரைட்டருக்கு அடியில் மடித்த பனியன் வேஸ்ட் துணி வைத்துத்தான் டைப் அடித்தேன். அடுத்து மாவு கிரைண்டர் வைத்திருந்த வீடு பேக்டரியானது. ஒரு மெம்பர் வீட்டுச் சோதனையில், டம்ளர்க்காரர் பார்க்காத நேரத்தில் மெம்பர் டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வைத்திருக்கிறார், தண்ணீர் குறைந்தால் வழியாது என்று. திரும்பிப் பார்த்த டம்ளர்க்காரர் டம்ளரைக்கூடக் கவனிக்கவில்லை, மெம்பரின் மீசை நுனியில் தொங்கிய சொட்டைத்தான் பார்த்தார். உப தலைவரின் மாமனார் குறட்டைக்கு டம்ளர் ததும்பியது என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குறட்டையை நான் கேட்டிருக்கிறேன், நம்புகிறேன்.

ஊருக்கு இதில் ஒரு நல்லதும் நடந்தது. தண்ணீர் வழிந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அவரே வழி சொன்னார். மெஷினைப் பொதுச் சுவரை விட்டுத் தள்ளிப் போடு, கால்களுக்கு அடியில் பனியன் வேஸ்ட்டை இறுக்கிக் கட்டி வை, கழன்ற நட்டுகளை முடுக்கு. குடம் அடித்த கை, அதிர்வு எங்கிருந்து கிளம்புகிறது என்று சுவரைத் தொட்டே சொல்லிவிடும். இரண்டாம் முறை சோதித்தபோது நிறைய வீடுகள் மறுபடி வீடுகளாயின. பேக்டரியாகவே நின்றவை நாலைந்துதான்.

சரஸ்வதியின் வீட்டை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். நோட்டீஸ் முடிய இரண்டு நாள் இருந்தது. மெஷின்களைச் சுவரிலிருந்து தள்ளி, கால்களுக்கு வேஸ்ட் கட்டி, அவள் தயாராக இருந்தாள். சோதனை வாத்தியார் வீட்டுக்குள். தலைவர், மெம்பர்கள், நான், எல்லோரும் நின்றோம். முற்பகல் பதினொரு மணி. உள்ளறையில் வாத்தியார் வீட்டம்மா நெற்றியில் பத்துப் போட்டுப் படுத்திருந்தார். வாத்தியார் ஒரு மூலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் எதற்குக் குடை என்று அப்போது தோன்றியது; எந்த நேரமும் வெளியே நழுவத் தயாராக நின்றிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

டம்ளர்க்காரர் மாடக்குழியில் டம்ளரை வைத்தார். நான் வாசலுக்குப் போய்க் கை காட்டினேன். சரஸ்வதி இரண்டு மெஷினையும் ஓட்டினாள்.

தண்ணீர் நடுங்கியது. வட்டம் வட்டமாக விளிம்புக்கு வந்தது. வழிந்தது.

டம்ளர்க்காரர் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பவிடுவார் என்று மனதார எதிர்பார்த்தேன். "வழிஞ்சிருச்சுங்க" என்று அவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். பக்கத்து வீட்டில் மெஷின் சத்தம் நின்றுபோனது. அவளுக்கும் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றாள், கையில் பாதி தைத்த பனியனோடு.

மெஷினை விட்டு அவளே எதிரில் வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்த டம்ளர்க்காரர், திரும்பி டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, மெஷின நிறுத்திட்டயா?"

அவள் தலையாட்டினாள். அவர் டம்ளரை நிரப்பி மறுபடி வைத்தார். மறுபடி வழிந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்சுவருக்குப் போனார். அங்கே வைத்ததும் தண்ணீர் குதித்தே விட்டது.

"போதும்டா, விட்ரு" என்றார் வாத்தியார். டம்ளர்க்காரர் அவர் உதட்டைப் பார்க்கவில்லை.

கொல்லைப்புறக் கதவைத் திறந்து வெளியே போனார். நாங்கள் பின்னால் போனோம். பின்சுவரை ஒட்டி ஒரு கொட்டகை. கூரையும் கதவும் பூட்டுமாக, வெளியிலிருந்து பார்த்தால் பழைய மாட்டுக் கொட்டகை. அதன் சுவரில் கை வைத்தபடியே நடந்து, சந்து வழியாகச் சுற்றி, மூன்றாம் வீதிக்கு வந்து, ஒரு வீட்டு வாசலில் நின்றார். அது அவருடைய வீடு.

நான் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கொட்டகைக்குள் என்ன ஓடுகிறது என்று அவரைத் தவிர அங்கே வந்த எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகன் பழனிசாமி இரண்டு வருஷத்துக்கு முன்னால் எருமையை விற்றுவிட்டு, உள்ளே பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் இரண்டு போட்டிருந்தான். மாட்டுக் கொட்டகைக்கு விதி பொருந்தாதே. தீவனம் வெட்டும் மெஷினுக்கென்று சொல்லி, கரண்ட் இணைப்பு வாங்கப் பஞ்சாயத்துக் கடிதம் கேட்டான். அதை டைப் அடித்தவனும் நான்தான். "அய்யனுக்குத் தெரிஞ்சா உடமாட்டாருங்க. கொஞ்ச நாளைக்குச் சொல்லிராதீங்க" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டான். டம்ளர்க்காரரோ எருமை போன துக்கத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. காதும் கேட்காது. அவருடைய கட்டில் கிடந்தது அந்தக் கொட்டகைச் சுவரை ஒட்டி.

அவர் வீட்டுக்குள் நுழைந்து உள்பக்கமிருந்த கொட்டகைக் கதவைத் தள்ளினார். இரண்டு மெஷினும் சுற்றிக்கொண்டிருந்தன. பழனிசாமி அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றான். எருமையின் தண்ணீர்த் தொட்டி இன்னும் ஓரத்தில் இருந்தது. அதன் விளிம்பில் டம்ளரை வைத்தார். மீதியிருந்த தண்ணீரும் துள்ளிக் கீழே விழுந்தது.

வெறும் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க கிளார்க்கு, எம்பட காலு நல்லாத்தான் இருக்குதுங்க."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டானிக் பாட்டில் கண்முன் வந்து நின்றது. மெம்பர் ஒருவர் சிரித்தே விட்டார். தலைவர் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். டம்ளர்க்காரர் கேட்கவில்லை. வாத்தியாரிடம் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"உனக்குத் தெரியுமா?"

வாத்தியார் குடையைக் கீழே ஊன்றினார். "தெரியும்டா. உன்ற பேருல மனு எழுதக் கை வரல."

"இந்த அம்மிணி பேருல எழுத மட்டும் கை வந்துச்சா?"

தப்பில்லாமல் மூன்று பக்கம் எழுதியவருக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் தலைவலியோடு ஒரு மனைவி, சுவருக்கு அப்பால் அறுபது வருஷச் சிநேகிதன். நடுவில் கேட்க நாதியில்லாத ஒருத்தி இருந்தாள், அவள் தலையில் எழுதிவிட்டார். நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? நான் நோட்டீஸ் டைப் அடித்தேன்.

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரும் வாத்தியார் வீட்டுக்குத் திரும்பினோம். மாடக்குழியில் மறுபடி டம்ளர். சரஸ்வதி போய் இரண்டு மெஷினையும் ஓட்டினாள். தண்ணீரில் லேசாக ஒரு சிலிர்ப்பு. விளிம்புக்கு வந்தது, திரும்பிப் போனது. சொட்டு விழவில்லை. டம்ளர்க்காரர் நூறு வரை எண்ணினார், சத்தமாக. அப்புறம் "ஊடு" என்றார். உள்ளறையில் வாத்தியார் வீட்டம்மா அதற்குள் தூங்கியிருந்தார். அவ்வளவு சத்தமாக எண்ணியும் எழவில்லை. எத்தனை நாள் தூக்கமோ.

அன்று சாயங்காலம் பழனிசாமி அப்பாவிடம் வந்து நின்றான். ஆபீஸ் பெஞ்சில் நானும் அவர் பக்கத்தில் இருந்தேன். "மெஷினு வாங்குன கடனே தீரலீங்கய்யா, எங்க கொண்டு போறது?" என்று கேட்டான். "உங்கொப்பன் போன எடத்துக்கே போ" என்றார் அவர். குளத்துமேட்டில் பட்டறைக் கட்டிடம் ஓடு சரிந்து சும்மா கிடந்தது. அப்பாவும் மகனுமாகவே அதற்கு ஓடு மாற்றினார்கள். ஒரே விதிக்காக ஒரே வீட்டிலிருந்து ஒரே இடத்துக்கு இரண்டு தலைமுறை போனது எங்கள் ஊரில்தான் நடந்திருக்கும்.

புதிய விதியை நான் எழுதினேன், அவர் சொல்லச் சொல்ல. மெஷின் கணக்கு கிடையாது. மதியம் இரண்டு மணி நேரம் எல்லா வீட்டிலும் மெஷின் ஓயவேண்டும். "மனிதர் குடியிருந்தாலும் மாடு குடியிருந்தாலும், பக்கத்து வீட்டு மாடக்குழியில் வைத்த நிறை டம்ளர் வழியக்கூடாது." இதை அப்படியே கோயம்புத்தூருக்கு மேலதிகாரிகளின் ஒப்புதலுக்கு அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி டம்ளரின் உயரம், கொள்ளளவு, உலோகம் ஆகிய விவரங்கள் குறிப்பிடப்படவில்லை, மாதிரி ஒன்று அனுப்பி வைக்கவும். டம்ளர்க்காரர் அனுப்பர்பாளையத்துக்குப் போய், பழைய பட்டறை ஒன்றில் உட்கார்ந்து, இன்னும் இரண்டு டம்ளர் அடித்துக்கொண்டு வந்தார். ஒன்று ஊருக்கு, ஒன்று கவர்மெண்டுக்கு. நான் அதை அரக்கு வைத்துப் பார்சல் செய்தேன். ஒப்புதல் வந்தது, டம்ளர் வரவில்லை. எந்த அதிகாரி அதில் காபி குடித்தாரோ தெரியாது. கொடுத்துவைத்தவர்.

சரஸ்வதியின் நோட்டீஸை நானே கிழித்தேன். கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. கிழித்தேன்.

கால் நடுக்கம் போன பிறகு டம்ளர்க்காரர் ஆபீசுக்கு வருவது நின்றுவிடும் என்று நினைத்தேன். பழக்கம், வந்துகொண்டுதான் இருந்தார். வாத்தியாரோடு டீ மட்டும் பத்து நாள் நின்றது. பதினொன்றாம் நாள் வாத்தியாரே போய் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி, டீ ஊற்றி, நீட்டினார். அதோடு சரியாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் டம்ளர்க்காரர் இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டார். சரஸ்வதி வீட்டின் வீதிப்பக்கச் சுவரில் உள்ளங்கையை ஊன்றிச் சற்று நிற்பார். மெஷின் ஓடுவது கையில் தெரிந்தால் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். ஆர்டர் இல்லாத நாட்களில் வாசலுக்கே போவார்.

"ஏங் கண்ணு, ரெண்டு நாளா சுவரு சும்மா இருக்குது?"

"துணி வரலீங்க அப்புச்சி."

மறுநாள் பழனிசாமி தனக்குத் தெரிந்த கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை துணி கொண்டுவந்து இறக்கியிருப்பான். நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு மாற்றலாகிவிட்டதால், அவர் போய்ச் சேர்ந்த தகவல்கூடத் தாமதமாகத்தான் கிடைத்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது இரண்டாம் வீதி வழியாகத்தான் நடந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சரஸ்வதி வீட்டுச் சுவரும் பளிச்சென்றிருந்தது, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடம் தவிர. பழைய காரை தெரிய, கறுத்துப்போய், ஒரு கை அகலத்துக்கு. மறந்து விட்டுவிட்டார்களா என்று நின்று பார்த்தேன். மறந்ததில்லை. அதைச் சுற்றிக் கவனமாகச் சுண்ணாம்பு இழுத்திருந்தார்கள்.

வீதியில் யாரும் இல்லை. நானும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.